பெருங்காயத்தில் கோதுமையா? சீலியாக் பற்றி ஒரு கேள்வியும் அதன்பின் சேர்ந்தவையும்

கேள்வி (8 செப்டம்பர் 2024, மாலை)

நாம் பரம்பரையாக அரிசிச் சோறு சாப்பிடுகிறவர்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத இந்தச் சீலியாக் நோயெல்லாம் வெள்ளைக்காரருக்கும் பஞ்சாபிக்கும் வருவது. என் மனைவிக்கு ரத்தசோகை தீரவில்லை என்று மருத்துவர் இந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்திருக்கிறார். காசு பிடுங்கும் வேலையா? அப்படியே இருந்தாலும் சப்பாத்தியையும் ரொட்டியையும் நிறுத்தினால் போதும்தானே? வேறு எதிலாவது க்ளூட்டன் இருக்கிறதா?

8 செப்டம்பர் 2024, இரவு

காசு பிடுங்கும் வேலை இல்லை. பரிசோதனையை எடுத்துவிடுங்கள். ஆனால் முடிவு வரும்வரை சப்பாத்தியையும் ரொட்டியையும் நிறுத்த வேண்டாம். "நிறுத்தினால் போதும்தானே" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துப் பதறித்தான் தூக்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

சீலியாக் என்பது, கோதுமை, பார்லி, ரை (குளிர்நாட்டுத் தானியம்) ஆகியவற்றில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிட்டால் உடம்பு தன் சிறுகுடலையே தாக்கும் நோய். ரத்தத்தில் அவர்கள் தேடுவது கோதுமையை இல்லை. கோதுமையைக் கண்டு உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளை. சீட்டில் டிடிஜி-ஐஜிஏ என்று இருக்கும். கோதுமையை நிறுத்திவிட்டுப் போனால் எதிர்ப்பொருள் இறங்கி, நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். அடுத்து எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலின் ஆரம்பப் பகுதியிலிருந்து சின்னத் துணுக்குகள் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கும் இதே விதிதான். மொத்த ஐஜிஏ (எதிர்ப்பொருளில் ஒரு வகை) அளவையும் சேர்த்துப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். சிலருக்கு இயல்பிலேயே ஐஜிஏ குறைவு, அவர்களுக்கு முதல் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது.

எனக்கும் ரத்தசோகையில்தான் ஆரம்பித்தது. வயிற்றுவலி, பேதி எதுவும் கிடையாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் ஹீமோகுளோபின் ஏறும், நிறுத்தினால் இறங்கும். "பெண்களுக்கு இது சகஜம்மா, கீரை சாப்பிடுங்க" என்று ஆண்டுக்கணக்கில் கேட்டாயிற்று. முருங்கைக்கீரை ஆய்ந்ததுதான் மிச்சம். இரும்பை உறிஞ்சுவது டியோடினம் என்ற அந்த ஆரம்பக் குடல். சீலியாக் முதலில் கைவைப்பதும் அங்கேதான். குடலின் உள்சுவரில் இருக்கும் நுண்விரல்கள் மழுங்கிப்போன பிறகு கீரையைக் கூடை கூடையாகத் தின்று என்ன பயன்?

9 செப்டம்பர் 2024

இந்த "நமக்கெல்லாம் வராது" பேச்சுக்குத் தனியாகப் பதில் சொல்லணும். இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் எடுத்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கே 1.23 விழுக்காடு, தெற்கே 0.10. ஆகவே நம் பக்கம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இந்த நோய்க்கு வழிவிடும் டிக்யூ2, டிக்யூ8 மரபணு வகைகள் இருக்கின்றனவே, அவை தெற்கிலும் ஏறக்குறைய வடக்கின் அளவுக்கே இருந்தன, மூன்றில் ஒருவருக்கு மேல். வித்தியாசம் தட்டில் இருந்தது. ஒரு நாளைக்கு ஒருவர் சாப்பிடும் கோதுமை வடக்கே சராசரி 455 கிராம், தெற்கே 25.

கோதுமை மட்டும்தான் காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடவும் முடியாது. வடகிழக்கில் வெறும் 37 கிராம்தான் சாப்பிடுகிறார்கள், அங்கே 0.87 விழுக்காடு. மரபணு இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க நோய் வருவதே இல்லை.

ஆனாலும் சிங்கப்பூரில் நாம் என்ன சாப்பிடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் பரோட்டா, மதியம் மீ கோரிங் (வறுத்த கோதுமை நூடுல்ஸ்), மாலையில் காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவிய ரொட்டி. தெற்கத்தி மரபணு, வடக்கத்தித் தட்டு.

12 செப்டம்பர் 2024

சரி, "வேறு எதில் இருக்கிறது".

பரோட்டா, நான், பிஸ்கட் எல்லாம் கோதுமை என்று எல்லாருக்கும் தெரியும். ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பதுகூடக் கொஞ்சம் யோசித்தால் தெரியும் (ரவா தோசையை "தோசைதானே" என்று என் தட்டில் வைத்தவர்கள் உண்டு). நம்மைக் கவிழ்ப்பது கோதுமைக் கணக்கிலேயே வராத பொருள்கள். நம் அடுப்படியில் முதல் ஆள் பெருங்காயம்.

டப்பாவைத் திருப்பிச் சேர்மானத்தைப் படியுங்கள். பெரும்பாலும் அது கூட்டுப் பெருங்காயம்: பிசின், கோதுமை மாவு அல்லது மைதா, கூடவே கொஞ்சம் பெருங்காயம். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் செடி ஒன்றின் வேரில் வடியும் பால்தான் அசல். அதன் வீச்சமும் காட்டமும் அப்படியே போட்டால் தாங்காது, கையிலும் ஒட்டும். அதனால் மாவு கலந்து விற்கிறார்கள். இதில் மோசடி ஒன்றும் இல்லை, சேர்மானத்திலேயே போட்டிருக்கிறது. நாம்தான் படிப்பதில்லை. கட்டிப் பெருங்காயம் என்றால் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள், கட்டியிலும் மாவு கலந்தது உண்டு. அரிசி மாவு கலந்தது என்று எழுதியே வருகிற வகைகள் தேக்காவில் (சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா) கிடைக்கின்றன, தேடினால்.

என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது, "பெருங்காயத்துல கோதுமையா, எந்தக் கூறுகெட்டவன் சொன்னான்?" என்றார். "நீங்களே படிங்க அத்தை" என்று டப்பாவைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். டப்பாவைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துப் படித்தார். "அப்ப இத்தனை நாளா மைதாவுக்கா இவ்வளவு காசு குடுத்தோம்?" என் குடலைவிட அந்தக் கணக்குதான் அவரை அதிகம் வாட்டியது.

பெருங்காயம் போகிற இடத்துக்கெல்லாம் இதுவும் போகும். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய், பாக்கெட் முறுக்கு. கடைப் பொடி எதையும் படிக்காமல் வாங்காதீர்கள்.

13 செப்டம்பர் 2024

"சிட்டிகைப் பெருங்காயம் என்ன செய்துவிடும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேலியாகத்தான் கேட்டிருக்கிறார், ஆனால் நல்ல கேள்வி. கணக்குப் போடுவோம்.

சீலியாக் உள்ளவர்களுக்குத் தினம் 50 மில்லிகிராம் க்ளூட்டன் கொடுத்து மூன்று மாதம் பார்த்தபோது குடல் சேதமடைந்தது என்று 2007-இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு துண்டு ரொட்டியில் இருப்பது கிராம் கணக்கில். ஆகவே 50 மில்லிகிராம் என்பது அந்தத் துண்டில் நகக்கண் அளவு. நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவில்லை என்கிறார்கள். பொட்டலத்தில் "க்ளூட்டன் ஃப்ரீ" என்று போடுவதற்கான அனைத்துலக வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம்.

இப்போது சிட்டிகைக்கு வாருங்கள். கால் கிராம் என்று வைத்துக்கொள்வோம், அதில் பாதி மாவு என்றும் வைத்துக்கொள்வோம். க்ளூட்டன் ஏறத்தாழ 10 மில்லிகிராம் தேறும். அது ஒரு பானைச் சாம்பார் முழுக்கக் கரைந்து நாலு பேருக்குப் போகிறது. ஆக, ஒரு கரண்டிச் சாம்பாரில் உயிர் போகாது. பயமுறுத்துவது என் வேலை இல்லை. ஆனால் நம் வீட்டில் சாம்பாரோடு நிற்கிறதா? அதே வேளையில் ரசம், மோர், பொரியல் தாளிப்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய். ராத்திரிக்கு இட்லிப் பொடி. எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா. அரிசி மாவு கலந்தது கிடைக்கும்போது எதற்கு இந்தச் சூதாட்டம்?

20 செப்டம்பர் 2024

வெளியில் சாப்பிடுவது. இதைத்தான் எழுதணும் என்று இருந்தேன், வேலை விடவில்லை.

உணவங்காடியில் "இதில் கோதுமை இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லாக் கடையிலும் ஒரே பதில்தான்: "இல்லலா, ரைஸ்தான்." பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்த்த அளவில் அது அரிசிதான். நீங்கள் பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்கணும். சோயா சாஸ் போடுவீர்களா? ஆய்ஸ்டர் சாஸ்? மீன் உருண்டை எதில் பிடித்தது? ஹொக்கியன் சீனம் பேசும் ஆன்ட்டியிடம் "டவ் யூ" (சோயா சாஸ்) வேண்டாம் என்றால் உடனே புரியும். மலாய்க் கடையில் அதுவே "கிச்சாப்". கோதுமை மாவுக்கு "தெப்போங் கண்டும்".

சோயா சாஸ் பெயரில்தான் சோயா. வழக்கமான முறையில் காய்ச்சுவதற்குச் சோயாவோடு கோதுமையும் சேர்க்கிறார்கள். புளிக்கும்போது புரதம் உடைந்துவிடும், ஆகவே பரவாயில்லை என்று ஒரு வாதம் உண்டு. உடைந்த துண்டுகளை வழக்கமான சோதனை சரியாகப் பிடிப்பதில்லை, அதனால் நான் தொடுவதில்லை. வீட்டுக்குத் தமாரி என்ற ஜப்பானியச் சோயா சாஸ் வாங்குகிறேன். அதில் பெரும்பாலும் கோதுமை இருக்காது, ஆனால் சிலவற்றில் இருக்கும். அதையும் திருப்பிப் படிக்கணும்.

இந்த ஒரு பாட்டிலால் போனவை: சார் குவே தியாவ் (பட்டை அரிசி நூடுல்ஸ் வறுவல்), பீஹூன் (மெல்லிய அரிசி நூடுல்ஸ்) வறுவல், கறுப்புக் கேரட் கேக் (முள்ளங்கி, அரிசி மாவுக் கேக்கைக் கறுப்புச் சாஸில் வதக்கியது), கிட்டத்தட்ட எல்லா வதக்கல்களும். குவே தியாவ் அரிசிதானே என்றால் ஆமாம், ஆனால் சார் குவே தியாவில் மஞ்சள் மீ என்ற கோதுமை நூடுல்ஸையும் சேர்த்துத்தான் பிரட்டுகிறார்கள். கோழிச் சோற்றில் சோறு பெரும்பாலும் பிரச்சினையில்லை. வெட்டி அடுக்கிய கோழித் துண்டுகள்மேல் கடைசியில் ஒரு கரண்டி பழுப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்களே, அதுதான் பிரச்சினை. முதலிலேயே சொல்லிவிடணும், கை கரண்டிக்குப் போன பிறகு சொல்லிப் பயனில்லை. மீ சியாம் அரிசி பீஹூன், ஆனால் அதில் போகும் தவ்ச்சியோ என்ற புளித்த சோயா விழுதில் கோதுமை மாவு இருக்கலாம்.

நாசி லெமாக் (மலாய்த் தேங்காய்ப்பால் சோறு) பலமுறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. சோறு, சம்பல், நெத்திலி, கடலை, வெள்ளரிக்காய், முட்டை. பொரித்த கோழி மட்டும் வேண்டாம்.

20 செப்டம்பர் 2024, சற்றுப் பின்

அஜினோமோட்டோ பற்றிக் கேட்டவருக்கு: அதில் பயமில்லை. ஒரு காலத்தில் கோதுமையின் க்ளூட்டனிலிருந்துதான் அதைத் தயாரித்தார்கள். இப்போது கரும்புச் சர்க்கரை, மரவள்ளி போன்றவற்றைப் புளிக்கவைத்துச் செய்கிறார்கள். திட்ட வேண்டுமானால் வேறு காரணம் கண்டுபிடியுங்கள்.

22 செப்டம்பர் 2024

"நம்ம கடையில் தோசை சாப்பிடுங்கக்கா, அரிசியும் உளுந்தும்தானே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார்.

மாவில் குறையில்லை தம்பி, கல்லைப் பாருங்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு கடையில் வரிசையில் நிற்கும்போது கவனித்தேன். ஒரே நீளக் கல். இடது பக்கம் பரோட்டா, வலது பக்கம் தோசை. பரோட்டாவைப் புரட்டிய அதே தகட்டால் தோசையின் ஓரத்தைச் சுரண்டி எடுக்கிறார் அண்ணன். பரோட்டா தட்டிய எண்ணெய் மினுமினுப்போடு கல்லில் மைதாத் துகள் பழுப்பாக ஒட்டிக்கிடக்கிறது, தண்ணீர் தெளித்து விளக்குமாறால் ஒரு தள்ளு, அதன்மேல் மாவு. அவர்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? காலைக் கூட்டத்தில் எனக்காகத் தனிக் கல்லா போடுவார்?

பரோட்டாவே போடாத சைவ உணவகங்கள் இருக்கின்றன, ஆனால் அங்கேயும் ரவா தோசைக்குத் தனிக் கல்லா என்று கேட்கணும். நான் இட்லிக்கு மாறிவிட்டேன். இட்லி தட்டில் வேகிறது, யாரும் சுரண்டுவதில்லை. கூட வரும் சாம்பார் பெருங்காயக் கணக்கு, முந்தின பதிலைப் பாருங்கள். தேங்காய்ச் சட்னி போதும். இடியாப்பமும் தேங்காயும் நாட்டுச்சர்க்கரையும் இன்னும் மேல்.

உளுந்து வடை நல்லதுதான், ஆனால் அதே எண்ணெயில் இறால் வடை மிதக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் இறால் வடை மைதா.

12 அக்டோபர் 2024

முதலில் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார், மனைவிக்கு உறுதியாகிவிட்டது என்று. வருத்தமும் நிம்மதியும் சேர்ந்துதான் இருக்கும். எண்டோஸ்கோப்பி முடிந்துவிட்டதால் இனி நிறுத்தலாம், முழுசாக.

நாளைக்கே கடையில் போய் "க்ளூட்டன் ஃப்ரீ" அலமாரியைக் காலி செய்யாதீர்கள். அந்த ரொட்டி விலை அதிகம், பெரும்பாலானது மரத்தூள் ருசி. நமக்கு அது தேவையே இல்லை. அரிசி, உளுந்து, பருப்புகள், கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, ஜவ்வரிசி, மரவள்ளி, உருளைக்கிழங்கு எல்லாம் இயற்கையிலேயே சரி. வெள்ளைக்காரர் இந்த நோயோடு படும் பாட்டில் பாதி நமக்கு இல்லை. மாவாக வாங்கும்போது மட்டும் கவனம். கேழ்வரகில் தப்பில்லை, ஆனால் அதை அரைத்த மில்லில் முன்னால் கோதுமை ஓடியிருக்கலாம். முழுத் தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைப்பது என் வழக்கம். ஓட்ஸ் தனி விவகாரம். வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும், "க்ளூட்டன் ஃப்ரீ" என்று எழுதிய ஓட்ஸைக்கூட மருத்துவரிடம் கேட்டு, குடல் ஆறிய பிறகு.

சமையலறை: சப்பாத்திப் பலகையும் குழவியும் உங்களுக்கு, அவர் தொட வேண்டாம். மாவுச் சல்லடையை எவ்வளவு கழுவினாலும் கண்ணிகளில் மாவு நிற்கும், புதிது வாங்குங்கள். தோசைக்கல்லில் இனி சப்பாத்தி சுடக் கூடாது, சப்பாத்திக்கு வேறு கல். காயா பாட்டில், வெண்ணெய் டப்பா இரண்டிரண்டு, ஏனென்றால் ரொட்டித் தூள் கத்தியோடு உள்ளே போகிறது. மைதாவைக் கொட்டிப் பிசையும்போது தூசி பறந்து திறந்த பாத்திரத்தில் விழும். இரும்பு, எவர்சில்வர் பாத்திரங்களை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும், அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். மூவறை வீட்டில் இரண்டு சமையலறை வைக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் சில மாதம் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்த நுண்விரல்களின் நுனியில்தான் இருக்கிறது. ஆறினால் பலருக்குத் திரும்பிவிடும்.

13 அக்டோபர் 2024

மைலோ பானப் பொடியில் பார்லி மால்ட் (முளைகட்டிய பார்லி). ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லி மால்ட்டும். இரண்டும் கிடையாது. ஆமாம், மைலோ டைனோசரும்தான் (குளிர்ந்த மைலோமேல் மைலோப் பொடியைக் குவித்தது).

கோப்பி, தே (காப்பி, தேநீர்) குடிக்கலாம்.

13 அக்டோபர் 2024, இரவு

பார்லித் தண்ணீர் பற்றி இத்தனை பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. "உடம்புச் சூட்டுக்கு நல்லது, காய்ச்சி வடிகட்டின தண்ணிதானே" என்கிறீர்கள். கோதுமை, பார்லி, ரை மூன்றும்தான் இந்த நோயின் பட்டியல். பார்லியில் இருப்பது ஹார்டின் என்ற அதன் சொந்தப் புரதம், உடம்புக்கு அதுவும் கோதுமை மாதிரிதான். வேகவைத்தால் போகாது. வடிகட்டினாலும் அந்த வெள்ளைக் கலங்கல் கூடவே வரும், சுவையே அதில்தான் இருக்கிறது. காப்பிக்கடையில் எலுமிச்சை போட்ட பார்லிதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், இழந்தவற்றில் இன்னும் நாக்கு தேடுவது அதைத்தான், பரோட்டாவை இல்லை. கரும்புச் சாற்றுக்கும் இளநீருக்கும் மாறியாயிற்று.

மால்டோடெக்ஸ்ட்ரின் என்று கண்டால் ஓட வேண்டாம். அது பார்லி மால்ட் இல்லை, பெரும்பாலும் சோளத்திலிருந்தோ மரவள்ளியிலிருந்தோ எடுத்த மாவுச்சத்து.

19 அக்டோபர் 2024

தேக்காவில் தீபாவளிச் சந்தை களை கட்டிவிட்டது. பலகாரக் கேள்விகள் வரும் முன்னே எழுதிவிடுகிறேன். சோமாசி, பாதுஷா, மைதா பிஸ்கட் கிடையாது. அதிரசம் அரிசி மாவு, வெல்லம், நல்லது. முறுக்கும் அரிசி மாவுதான், ஆனால் விற்பனைக்குச் சுடும் சிலர் மொறுமொறுப்புக்கு மைதா சேர்க்கிறார்கள். பெருங்காயமும் உண்டு. கைப்பட யார் சுடுகிறாரோ அவரைக் கேளுங்கள், கடையில் விற்கும் பெண்ணைக் கேட்காதீர்கள். மைசூர்பாகு கடலை மாவு. கேசரி ரவை. பாயசத்தில் சேமியா வேண்டாம், ஜவ்வரிசி போடச் சொல்லுங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அவர்களே இரண்டாம் முறை கேட்பார்கள்.

2 நவம்பர் 2024

சைவ விருந்து ஒன்றுக்குப் போய் வந்தேன். "எல்லாம் வெஜிடேரியன்தான், தைரியமாச் சாப்பிடுங்க" என்று சித்தி இலையில் வைத்தது சைவ மட்டன் குழம்பு. அந்தச் சைவ மட்டன், சைவ வாத்து, சைவ சார் சியூ வகையறாக்களில் பல க்ளூட்டனே. மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி மாவுச்சத்தைக் கழுவிவிட்டால் ரப்பர் மாதிரி மிச்சம் நிற்கிறதே, அதைத்தான் மசாலா போட்டு வேகவைக்கிறார்கள். எனக்கு அதைவிட நேரடியான விஷம் கிடையாது. பேசாமல் இலையின் அந்த மூலையை அப்படியே விட்டுவிட்டு ரசமும் சாப்பிடாமல் தயிர்ச்சோற்றோடு எழுந்தேன். சித்திக்குக் கோபம். "ஆட்டுக்கறி இல்லம்மா அது!"

ஆட்டுக்கறியாக இருந்தால் சாப்பிட்டிருப்பேன், சித்தி.

17 நவம்பர் 2024

மருந்து, லிப்ஸ்டிக், ஷாம்பு.

மாத்திரையில் பிடிமானத்துக்கு மாவுச்சத்து சேர்ப்பார்கள். பெரும்பாலும் சோளம் அல்லது உருளைக்கிழங்கு, அரிதாகக் கோதுமை. மருந்தாளரிடம் "எந்த மாவுச்சத்து" என்று கேளுங்கள், தெரியாவிட்டால் தேடிச் சொல்லத்தான் அவர் இருக்கிறார். பயந்து நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். லேகியம், சூரணம், பொடியாக வரும் நாட்டு மருந்துகளில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். சேர்மானமே எழுதாத பொட்டலத்தை நான் பிரிப்பதில்லை.

ஷாம்பு தலைக்கு, வாய்க்கு இல்லை. க்ளூட்டன் தோல் வழியாகப் போய்க் குடலைக் கெடுக்காது. லிப்ஸ்டிக் கொஞ்சம் வயிற்றுக்குள் போகும், அதில் மட்டும் கோதுமைப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பிள்ளைகள் உருட்டி விளையாடும் பிளே-டோ களிமண்ணில் கோதுமை இருக்கிறது. சீலியாக் உள்ள சின்னப் பிள்ளை என்றால் பாலர் பள்ளியில் சொல்லிவையுங்கள், விளையாடிவிட்டுக் கை கழுவணும், வாயில் வைக்கக் கூடாது.

8 டிசம்பர் 2024

லேபிள் படிப்பது எப்படி என்று தனியாகக் கேட்டவருக்கு.

சிங்கப்பூரில் பொட்டலமிட்டு விற்கும் உணவில் க்ளூட்டன் உள்ள தானியம் இருந்தால் எழுதியே ஆகணும், உணவு விதிமுறைகளில் இருக்கிறது. கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ், ஸ்பெல்ட் (பழைய கோதுமை வகை) எல்லாம் அந்தப் பட்டியலில். ஆகவே பொட்டலம் விஷயத்தில் நம் பாடு பரவாயில்லை. உணவங்காடித் தட்டுக்கு லேபிள் ஏது? அதனால்தான் வெளிச்சாப்பாட்டைவிடப் பொட்டலத்தை நான் அதிகம் நம்புகிறேன், சத்துணவு நிபுணர்கள் திட்டினாலும்.

"இருக்கக்கூடும்" என்று போடும் வரி வேறு. அது தயாரிப்பவர் தாமாகப் போடுவது. அந்த வரி இல்லை என்பதால் கலப்பே இல்லை என்று ஆகாது.

ஊரிலிருந்து இறக்குமதியாகும் மசாலாப் பொட்டலங்களில் இன்னொரு தலைவலி உண்டு. இறக்குமதி செய்தவர் பெயர் அச்சிட்ட வெள்ளை ஸ்டிக்கரை நேராகச் சேர்மானத்தின்மேல் ஒட்டியிருப்பார்கள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் காகிதம் பாதியாகக் கிழிந்து பசை மட்டும் நிற்கும். அடியில் "கோது" என்பது வரை தெரிந்து மீதி தெரியாத ஒரு பொட்டலத்தை வைத்துக்கொண்டு கடை நடுவில் நின்றிருக்கிறேன். கோதாவது ஒன்றாவது, திருப்பி வைத்துவிட்டேன். அதே பொருள் வேறு அலமாரியில் வேறு ஸ்டிக்கரோடு இருக்கும், தேடிப் பாருங்கள்.

போன முறை படித்தேன் என்று இந்த முறை படிக்காமல் விடாதீர்கள். சேர்மானம் மாறும், டப்பாவின் நிறம் மாறாது.

9 டிசம்பர் 2024

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி. விமானத்தில் சாப்பாடு முன்பதிவு செய்யும்போது ஜிஎஃப்எம்எல் என்ற குறியீட்டைக் கேளுங்கள், அது க்ளூட்டன் இல்லாத சாப்பாடு. மலிவு விமானத்தில் அதெல்லாம் பெரும்பாலும் கிடைக்காது, புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். வீட்டுப் பெருங்காயம் போட்டது.

11 ஜனவரி 2025

இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று எப்படித்தான் கண்டுபிடித்தார்கள் என்று என் மகன் கேட்டான். ஹாலந்தில் வில்லெம் டிக்கெ என்று ஒரு குழந்தை மருத்துவர். கோதுமைமேல் அவருக்கு முன்பே சந்தேகம். 1944, 45 குளிர்காலத்தில் போர்ப் பஞ்சத்தில் ரொட்டியே கிடைக்காமல் ஊரே வாடியபோது, அவருடைய சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-இல் அதை ஆய்வேடாக எழுதினார். அதற்கு முன்னால் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்பவர் 1924-இலிருந்து இந்தக் குழந்தைகளுக்கு வாழைப்பழ வைத்தியம் செய்தார். குழந்தைகள் தேறினார்கள், பெருமை வாழைப்பழத்துக்குப் போனது. உண்மையில் தேற்றியது தட்டில் இல்லாமல் போன ரொட்டி.

"அப்ப இத்தனை வருஷம் கீரை சாப்பிடச் சொன்ன மாதிரிதானே" என்றான். வாய் நீளம், என் பக்கத்து வாரிசு.

15 பிப்ரவரி 2025

சீனப் புத்தாண்டும் தைப்பூசமும் ஒரே மூச்சில் முடிந்தன.

அலுவலகத்தில் லோ ஹெய், அதாவது எல்லாரும் சேர்ந்து யூ ஷெங் என்ற மீன் சாலட்டைக் குச்சியால் தூக்கிப் போட்டுக் கிளறும் புத்தாண்டுச் சடங்கு. அந்த யூ ஷெங் தட்டில் தங்க நிறத்தில் தூவும் மொறுமொறுத் துண்டுகள் மாவில் பொரித்தவை, ஒருமுறை கிளறினால் தட்டு முழுக்கப் போய்விடும். நான் குச்சியைப் பிடித்து எல்லாரையும்விட உயரமாகத் தூக்கிப் போட்டேன், சத்தமும் போட்டேன், சாப்பிடவில்லை. ராசி வாயில் போனால்தான் வரும் என்று யாரும் சொல்லவில்லை. அன்னாசிப்பழ டார்ட் மைதா. பாக் குவா என்ற சுட்ட இறைச்சித் தகட்டில் சோயா சாஸ். கமலா ஆரஞ்சு எவ்வளவு வேண்டுமானாலும்.

தைப்பூசத்தன்று வழியில் பானகமும் மோரும் குடித்தேன். ஓரிடத்தில் பார்லி பாக்கெட் நீட்டினார்கள், வாங்கிப் பின்னால் வந்த தம்பியிடம் கொடுத்தேன். கோயில் அன்னதானத்தில் சோறும் வாழைக்காயும் எடுத்துக்கொண்டேன், கேசரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்து இலைக்கு மாற்றினேன். பிரசாதத்தை மறுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முருகனுக்குத் தெரியும்.

2 மார்ச் 2025

குடும்பத்தில் மற்றவர்களும் பார்க்கணுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே விட்டிருக்கிறேன். பார்க்கணும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், இவர்களில் பத்தில் ஒருவர் வரை இருக்கலாம் என்பார்கள். அறிகுறி ஒன்றும் இல்லாமலே. என் மகனுக்கு இப்போதைக்கு இல்லை, ஆனாலும் சில வருஷங்கள் கழித்து மறுபடி பார்க்கணும், ஒருமுறை இல்லை என்பது எப்போதும் இல்லை என்று ஆகாது.

திருச்சியில் இருக்கும் தங்கையை இத்தனை நாள் நச்சரித்து, போன வாரம்தான் ரத்தம் கொடுத்தாள். "எனக்கு ஒன்னும் இல்லக்கா, கால்சியம்தான் கொஞ்சம் கம்மி" என்று மூச்சுக்கு மூச்சு சொன்னவள். டிடிஜி அளவு மேலே போயிருக்கிறது. எண்டோஸ்கோப்பிக்குத் தேதி வாங்கியாயிற்று. அதுவரை தினமும் கோதுமை சாப்பிடணும் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார், நானும் சொல்லிவிட்டேன்.

நேற்று ராத்திரி படம் அனுப்பியிருந்தாள். இரண்டு பரோட்டா, சால்னா, ஓரத்தில் வெங்காயம். "வைத்தியம் நடக்குது" என்று எழுதியிருக்கிறாள்.